ஆத்தா இருந்த ஒரு சாண்

1

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் முடிந்துவிட்டதாம். எனக்கு ஞாபகமில்லை, என் மனைவி மீனாள்தான் சொன்னாள். அன்றைக்குக் கவுனி அரிசி இனிப்புக் கிண்டினாள். நன்றாகவே வந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போய்விட்டோம். வெள்ளி விழா அதோடு முடிந்தது.

பாரீசுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருஷம் என்றதும் காரைக்குடியில் இதைப் படிக்கிறவர்கள் என்னமோ ஏதோ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் லிப்ட் உதிரிப் பாகங்கள் வைக்கிற கிடங்கில் வேலை பார்க்கிறேன். சீட்டில் எழுதியிருக்கும் நம்பரைப் பார்த்து அந்தச் சாமானை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். இருப்பது சீன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். வீட்டிலிருந்து ரயிலடிக்குப் போகிற ஆற்றோரப் பாதையில் நகராட்சி அங்கங்கே பலகை நட்டு வைத்திருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி ஓவியர்கள் அதே இடத்தில் நின்று வரைந்த படங்களின் நகல்கள் அவை. பதினாலு வருஷமாகத் தினம் இரண்டு தடவை அவற்றைக் கடந்து போகிறேன். ஒன்றையாவது நின்று பார்த்திருக்கிறேனா என்றால் இல்லை. ஒரு பலகையில் மட்டும் சைக்கிளைச் சாய்த்து வைப்பேன்.

இப்பேர்ப்பட்ட ரசிகன் அந்த ஓவியர்களைப் பற்றி முந்நூற்றுச் சொச்சம் பக்க நாவல் ஒன்றைப் படித்து முடித்தேன். ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. ஒரு பொய் சொன்னேன், அதற்குத் தண்டனையாகப் படித்தேன்.

குடியுரிமைக்கு மனுப்போட்டு வெகுகாலம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஜலதோஷம் பிடித்த ஒரு அம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தார். முதலில் பெயர்ப் பஞ்சாயத்து. எங்கள் செட்டி வீடுகளில் தகப்பனை அப்பச்சி என்போம், தாயை ஆத்தா என்போம். என் பெயர் சொக்கலிங்கம், முன்னால் நிற்கிற ராமநாதன் அப்பச்சி பெயர். இங்கே அதையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். வங்கியிலிருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லோரும் என்னை ராமநாதன் என்றே கூப்பிடுகிறார்கள். இருபத்தைந்து வருஷமாக நான் அப்பச்சியாகவே நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து ஆத்தா பெயரைக் கேட்டார். சிகப்பி என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னார், கூட்டினேன். பிறந்த தேதி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்பச்சியின் நட்சத்திரம், திதி, லக்னம் எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். ஆத்தா மாசியில் பிறந்ததாக எப்போதோ காதில் விழுந்ததோடு சரி. தெரியாது என்று சொன்னால் மனுவைத் திருப்பிவிடுவார்களோ என்று பயந்து வாயில் வந்த தேதியைச் சொன்னேன். அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டே தட்டச்சு செய்துகொண்டார். பிரெஞ்சு அரசாங்கத்தைப் பொறுத்தவரை எங்கள் ஆத்தா இனி அன்றைக்குத்தான் பிறந்தவள்.

அதற்கே கூசியிருக்க வேண்டும். நானோ அடுத்த பொய்க்குப் போய்விட்டேன். ஊர்ப் பொதுவாழ்வில் கலந்துகொள்கிறீர்களா என்று கேட்டார். வரும் வழியில் யாரோ கையில் திணித்த துண்டுத்தாள் பையில் இருந்தது, ஊர் நூலகத்தின் வாசகர் வட்டம் பற்றியது. ஆமாம், வாசகர் வட்டத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்து அதையும் எழுதிக்கொண்டார். எங்கே சான்றிதழ் கேட்டுவிடுவார்களோ என்று அந்த வாரமே ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.

2

வட்டத்தில் ஓய்வுபெற்ற டீச்சர்கள் ஐந்து பேர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், அப்புறம் நான். எங்கள் ஊர் ஆறு அந்த நாவலில் வருகிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

என் மகள் உமையாள் அதை ஏற்கெனவே படித்திருந்தாள். இங்கே பிறந்தவள், பாரீசில் தனியாக அறை எடுத்து வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். தமிழ் வருவது சாப்பாட்டு விஷயத்திலும் கோபத்திலும்தான். முதல் அத்தியாயத்தில் பக்கத்துக்கு நாற்பது வார்த்தைக்கு நான் அடிக்கோடு போட்டிருப்பதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். அவள் என் பக்கத்தில் அப்படி உட்கார்ந்து பல வருஷம் ஆயிற்று. அதற்காகவே சில வார்த்தைகளைத் தெரிந்தும் தெரியாத மாதிரி கேட்டேன்.

நாவல் முழுக்கக் கேலிதான். வெயிலையும் புகையையும் வரைந்துகொண்டு திரியும் ஓவியர் கூட்டம். படத்தை முடிக்காமல் கொண்டுவந்துவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பும் தாடிக்கார நடுவர்கள். படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டு அதன் முன்னால் நின்று கண்ணீர் விடும் சீமாட்டி. எல்லோரையும் ஆசிரியர் வாரு வாரென்று வாருகிறார். அதில் ஒருவன் ஃபெலிக்ஸ், தானிய வியாபாரி. அவன் தங்கை ஹோர்தான்ஸ் அந்தக் கூட்டத்தில் ஓவியம் வரைகிறவள். ஃபெலிக்ஸ் கெட்டவனில்லை. தங்கைமேல் பாசம் கொட்டிக் கிடக்கிறது, புத்திதான் இல்லை. ஏலத்தில் ஒரு ராஜ வீட்டுத் தங்கச் சட்டத்தை வாங்கிவிடுகிறான். தங்கை வரைந்த ஆற்றுப் படத்தை அதில் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்ப ஆசை. படம் சட்டத்தைவிடப் பெரியது. சட்டமோ ராஜ வீட்டுச் சாமான், அதைத் தொட முடியாது. ஆகவே தச்சனைக் கூப்பிட்டுப் படத்தை வெட்டச் சொல்கிறான். ஆற்றை வெட்டலாமா, வானத்தை வெட்டலாமா என்று யோசித்து, வானத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று அதை வெட்டிவிடுகிறான். கண்காட்சியில் விமர்சகர்கள் அந்த வெட்டைப் பார்த்து, என்ன துணிச்சலான புது உத்தி என்று கொண்டாடுகிறார்கள். அன்றிலிருந்து ஃபெலிக்ஸ் தன்னையும் ஓவியன் என்று நினைத்துக்கொண்டு கத்திரியும் கையுமாகத் திரிகிறான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உமையாளும் சிரித்தாள். அடுப்படியில் இருந்த மீனாளுக்குக் கதையைத் தமிழில் சொல்ல முயன்று பாதியில் திணறினாள். பிறகு பிரெஞ்சுக்குத் தாவி என்னிடம் கேட்டாள். "நிஜமா இப்படி ஒரு ஆள் இருப்பானாப்பா?"

"கதைக்காகக் கூட்டி எழுதுறதும்மா. இம்புட்டு மடையன் உலகத்துல எங்க இருப்பான்?" என்றேன். சொல்லும்போது வாயில் இட்லி இருந்தது, மனசில் ஒன்றுமில்லை. சத்தியமாக ஒன்றுமே இல்லை.

அடுத்த வட்டத்தில் அந்த அத்தியாயத்தைத் தபால்காரர் உரக்க வாசித்தார். அவருக்கு நல்ல கட்டைக் குரல். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், என் சிரிப்புதான் பெரிசாகக் கேட்டது. தச்சன் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஃபெலிக்ஸிடம் கேட்கிற இடம் வந்தது. எந்தப் பக்கம் ஐயா வெட்டட்டும்?

நானே படித்தபோது அந்த வரியைச் சும்மா தாண்டிப் போயிருந்தேன். இன்னொருவர் குரலில் கேட்டதும் வேறொரு ஆள் பேசுவதாக இருந்தது. ஊரில் பிரேம் போடுகிற மைதீன் அண்ணன் குரல். பக்கத்து டீச்சர் என் தோளைத் தட்டி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது உங்களுக்கு என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

3

இனிமேல் சொல்லப்போவதை மீனாளிடம்கூட நான் சொன்னதில்லை.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயசு. அப்பச்சிக்கு அறுபது நிறைந்து மணிவிழாச் சாந்தி வைத்திருந்தோம். எங்களில் இது கல்யாணத்துக்குக் குறைந்ததில்லை. பங்காளிகள், தாயபிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். மாலை போட்டு, தாலி கட்டி, ஆத்தாளும் அப்பச்சியும் மறுபடி மாப்பிள்ளையும் பெண்ணுமாக உட்காருவார்கள். வீட்டில் ஒரு மாசமாக வெள்ளையடிப்பும் பித்தளை துலக்கலுமாக இருந்தது.

எங்கள் வீட்டுப் பட்டாலையில், அதாவது முற்றத்தை ஒட்டிய பெரிய கூடத்தில், கிழக்குச் சுவரில் ஐந்து சட்டங்கள் வரிசையாகத் தொங்கும். பர்மாவிலிருந்து ஐயா, அதாவது என் தாத்தா, கொண்டுவந்த தேக்குச் சட்டங்கள், ஐந்தும் ஒரே அளவு. நாலில் சாமி படங்களும் ஐயா படமும். ஐந்தாவதில் இருந்த படத்தைச் செல் அரித்துவிட்டது. அப்பச்சி அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம், "சாந்திக்கு நாலு பேர் வாரப்ப மூளியாத் தொங்குது பாரு. ஏதாச்சும் ஒண்ணப் போட்டு மாட்டு" என்றார்.

என் தங்கை வள்ளியம்மைக்கு அப்போது பத்தொன்பது வயசு. மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் கித்தான் துணியில் எண்ணெய் வண்ணத்தில் எதையாவது வரைவாள். கோடை லீவில் எங்கள் பட்டாலையையே வரைந்திருந்தாள். உச்சி வெயில் முற்றத்தில் விழுந்து தரையில் தெறிக்கிறது. இடப்பக்கம் அப்பச்சியின் சாய்வு நாற்காலி, காலியாக. நடுவில் தூண்கள். வலது ஓரத்தில், கடைசித் தூணுக்குப் பின்னால், பாதி மறைந்தபடி ஆத்தா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு முழங்கால், ஒரு முழங்கை, செங்கல் நிறக் கண்டாங்கிச் சேலை, பாதி முகம். அவ்வளவுதான் தெரியும்.

உன் படத்தையே சாந்திக்கு மாட்டப்போகிறோம் என்று அவளுக்குக் கடிதம் எழுதினேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விடுதியில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன் அண்ணே என்று பதில் எழுதினாள்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு, சட்டத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டு கல்லுக்கட்டிப் பக்கம் இருந்த மைதீன் அண்ணன் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டுக் கண்ணாடி, படம் எல்லாம் அவர் கைதான். விரித்து அளந்தார். படம் ஒரு சாண் அகலம் கூடுதல். சட்டத்தை மாற்ற முடியாது, மாற்றினால் மற்ற நாலோடு சேராது. வெட்டிவிடுங்கள் என்றேன்.

"எந்தப் பக்கம் தம்பி வெட்ட?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. வலப்பக்கம் என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இங்குட்டு ஆச்சி இருக்காக தம்பி. வெட்டித்தான் ஆகணும்னா அங்குட்டு நாற்காலிப் பக்கம் வெட்டலாம். இல்லாட்டி ரெண்டு நாள் பொறுங்க, படத்துக்குத் தக்கன வேற சட்டம் செஞ்சு தாரேன்."

"அப்பச்சி சாந்திக்கு அப்பச்சி நாற்காலிய வெட்டச் சொல்றீகளா?" என்றேன். அது மட்டுமில்லை. "பாதி ஒடம்பா, பாதி மொகமா ஒரு பொம்பள. நல்ல காரியம் நடக்கற வீட்டுல இதத் தொங்கவிட்டா அபசகுனம் இல்லையா? இது சரியா வரையத் தெரியாம விட்டது" என்றேன். எனக்கு அன்றைக்கு இந்த உலகத்தில் தெரியாதது எதுவுமே இல்லை.

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். "எனக்குக் கை வரல தம்பி" என்றார்.

அவர் மேஜைமேல் கிடந்த கத்திரிக்கோலை எடுத்து நானே வெட்டினேன். துணி தடிமன், மூன்று நாலு இழுப்பில்தான் வந்தது. வெட்டின துண்டு மரத்தூளில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்துத் தட்டினார். எதையாவது பொட்டலம் கட்ட எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மிச்சப் படத்தைச் சட்டத்தில் போடச் சொல்லி நின்றேன்.

நாற்காலியை வைத்துக்கொண்டு ஆத்தாளை வெட்டி எறிந்தேன். அதுவும் அவள் மணவறையில் உட்காரப்போகிற விசேஷத்துக்காக. இதை இத்தனை வருஷம் கழித்து ஒரு பிரெஞ்சுக்காரத் தபால்காரர் வாசித்துச் சொல்லித்தான் நான் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

4

சாந்திக்கு முதல் நாள் மத்தியானம் வள்ளி மதுரையிலிருந்து வந்தாள், கூடவே இரண்டு சிநேகிதிகள். பையைக்கூடக் கீழே வைக்காமல் பட்டாலைக்கு ஓடினாள். பங்காளிகள் அதற்குள் படத்தைப் பார்த்து என்னைப் பாராட்டியிருந்தார்கள். அளவெடுத்துச் செய்த மாதிரிப் பொருந்திவிட்டது என்றார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றேன், என்னமோ நானே வரைந்த மாதிரி.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, "அண்ணே, படத்துல ஆத்தா எங்க?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் நான் செய்தது என்னவென்று கொஞ்சம் தெரிந்துவிட்டது. முழுக்க இல்லை, கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கே பொய் வந்துவிட்டது. "கடையில வெட்டிப்புட்டாக வள்ளி. மைதீன் அண்ணன் அளவத் தப்பாப் பாத்துட்டாகளாம். நான் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றேன்.

வந்த கால் தூசியோடு அவள் நேரே கடைக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. பந்தல்காரர்களோடு ஏதோ முக்கியமான வேலை இருப்பதாக நடித்துக்கொண்டு நின்றேன். அவள் அங்கே போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். கண்ணில்லையா, புத்தியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். மைதீன் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவர் என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று அன்று சாயந்திரம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது.

சாந்தி சிறப்பாக நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படங்கள் எதையும் நான் அந்தக் கடைக்குக் கொண்டுபோகவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊரில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். செட்டிவீட்டுப் படத்தைக் கெடுத்துவிட்டார், அதனால் கை மாற்றிவிட்டார்கள் என்று. அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். சில வருஷத்தில் இங்கே வந்துவிட்டேன்.

வள்ளி காரைக்குடியிலேயே கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் வீட்டில்தான் முதல் நாள் சாப்பாடு. ஒரு குறை வைத்ததில்லை. என்னிடம் மட்டும் படம் வரைவதைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை. கல்யாணமானால் பெண்களுக்கு இதெல்லாம் விட்டுப்போகும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

ஆத்தா போய் எட்டு வருஷமாகிறது. என் விசாப் புதுப்பிப்பு அப்போது அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே போனால் திரும்ப முடியாது என்றார்கள். நான் போகவில்லை.

5

வாசகர் வட்டத்திலிருந்து வந்த பிறகு இரண்டு வாரம் வள்ளியைக் கூப்பிடப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மீனாள் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். போன ஞாயிறு காலையில் ஒரு வழியாகக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம் தாண்டியிருந்தது.

அவள் வழக்கம்போலப் பிள்ளையார்பட்டிக்குப் போய்வந்தது, வெயில், மோட்டார் ரிப்பேர் எல்லாம் சொன்னாள். நான் ஊம் கொட்டிக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று, "வள்ளி, அந்தப் படத்த வெட்டுனது மைதீன் அண்ணன் இல்ல, நான்தான்" என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவளுக்குப் பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"தெரியும்ண்ணே" என்றாள்.

அன்றைக்கு அவள் கத்தி முடித்ததும் மைதீன் அண்ணன் உள்ளே போய், வெட்டின துண்டைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தாராம். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்திருக்கிறாள். "அவுக வெட்டுனா நூல் புடிச்ச மாதிரி இருக்கும். இது கோணக்க மாணக்கன்னு இருந்துச்சு. பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு, இது அவுக கை இல்லன்னு" என்றாள். சாந்தி முடிந்த மறுநாள் கடைக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். விசேஷ வீடும்மா, அண்ணனிடம் ஒன்றும் கேட்டுக்கொள்ளாதீர்கள் என்று அவர் சொன்னாராம்.

"நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன். இன்னைக்குச் சொல்லிட்டீக" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை வரும் என்று பார்த்தேன், வந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

ஆக, ஊரில் இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயம் இது. இருவரும் எனக்காகவே அதை மூடி வைத்திருந்தார்கள். நான்தான் மூடி வைத்திருப்பதாக இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னால்தானே நீ வரைவதை விட்டாய் என்றேன். உள்ளுக்குள் ஒரு அல்ப எண்ணம். பெரிய பாவமாகவே இருக்கட்டும், அழுது தீர்த்துவிடலாம் என்று. அவள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

"யாரு விட்டா? வரைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்களுக்குக் காட்டல, அம்புட்டுத்தான்" என்றாள்.

அந்தத் துண்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். மைதீன் அண்ணனே அதற்கு அளவாக ஒரு சட்டம் செய்து கொடுத்தாராம். "எங்க வீட்டுல நீங்க சாப்புட ஒக்காருவீகள்ல, அதுக்கு எதுத்த செவுத்துல இருக்குண்ணே. போன தடவ வந்தப்ப, 'இதென்ன வள்ளி, தூணும் சேலையுமா அரகொறையா ஒண்ண மாட்டி வச்சிருக்க'ன்னு நீங்களே கேட்டீக. நான் ரசம் ஊத்தவான்னேன்."

எனக்கு அந்த ரசம் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சுவர் ஞாபகம் இல்லை. எத்தனை வருஷம், எத்தனை சாப்பாடு. பெற்ற தாயை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்து தின்றிருக்கிறேன், யாரென்று தெரியாமல்.

மைதீன் அண்ணன் நம்பர் இருக்கிறதா, நான் அவரிடம் பேச வேண்டும் என்றேன்.

"அவுக மௌத்தாகி ரெண்டு வருசமாச்சுண்ணே. ஒங்ககிட்ட போன்ல சொன்னேனே. 'அப்படியா'ன்னுட்டு, ஊர்ல கரண்டு ஒழுங்கா இருக்கான்னு கேட்டீக."

அவளே, மீனா அண்ணமிண்டி நல்லாருக்காகளா, உமா நல்லாருக்காளா என்று கேட்டுவிட்டு, வைக்கட்டுமா என்றாள். அந்தப் படத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது, இருந்தாலும் கேட்டேன்.

"வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்து அனுப்புறேன்" என்றாள்.

6

போட்டோ வந்தபோது உமையாள் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாவல் மேஜைமேல் கிடந்தது, தன் தோழிக்குக் கொடுக்க எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பதைப் பார்த்து என் பின்னால் வந்து நின்றாள்.

குறுகலான படம். ஒரு தூண். தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு முழங்கால், முழங்கை, செங்கல் நிறச் சேலை, பாதி முகம். முகத்தில் நாலைந்து தீற்றல்தான். வெயில் தரையிலிருந்து எகிறி அவள் கன்னத்தில் பட்டிருந்தது.

"அப்பத்தா" என்றாள் உமையாள்.

அவள் ஆத்தாளைப் பார்த்தது இரண்டே தடவை, ஆறு வயசில் ஒன்று, பதினொன்றில் ஒன்று. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இப்படித்தானே உட்காருவாங்க, ஒரு காலைத் தூக்கி வச்சிட்டு. வெங்காயம் உரிச்சிட்டே என்னைப் பார்ப்பாங்க" என்று தமிழிலேயே சொன்னாள். எங்கே தொங்குகிறது, யார் வரைந்தது என்று கேட்டாள். அத்தை வரைந்தது என்றேன். அத்தைக்கு வரையத் தெரியுமா என்று என்னைப் புதிதாகப் பார்த்தாள்.

பிறகு என் கையிலிருந்து போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி நகர்த்திக்கொண்டே போனாள். இடது ஓரத்துக்கு வந்ததும் நின்றாள். நூல் பிரிந்த விளிம்பு, மேலிருந்து கீழாக மூன்று நாலு இடத்தில் வளைந்து. மைதீன் அண்ணன் அந்த விளிம்பை மறைக்காமல் சட்டம் போட்டிருக்கிறார்.

"இது பெரிய படத்தில இருந்து வெட்டினது" என்றாள். "இவ்ளோ கோணலா யாருப்பா வெட்டினது?"

சொன்னால் நம்ப மாட்டீர்கள். வள்ளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கடைக்காரர் என்று. அந்த மனுஷன் இரண்டு வருஷமாக மண்ணுக்குள் இருக்கிறார். அவர் தலையில் இன்னொரு தடவை பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க என் நாக்குத் தயாராக இருந்தது.

"நான்" என்றேன்.

உமையாள் போனை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.